அணைக்க அனுமதி இல்லை!

ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டு. கோப்பு உருவாக்கலாம், நிரல் எழுதலாம், அச்செடுக்கலாம், கைதவறி உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் அழித்துத் தொலைக்கவும் செய்யலாம். ஆனால் வேலை முடிந்து கிளம்பும்போது அதை முறையாக அணைத்துவிட்டுப் போக மட்டும் அனுமதி இல்லை. 'ஷட்டவுன்' என்று அழுத்தினால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

லினக்ஸ் போட்ட கல்லூரி லேப்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். நான் படிக்கிற இடத்திலும், நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் நண்பர்கள் படிக்கிற சில இடங்களிலும் இதுதான் நிலைமை. கடவுச்சொல் கேட்கிறதே என்று லேப் அக்காவிடம் போய் நின்றால் வரும் பதில்: "சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுப் போ மக்ளே!"

அதாவது, முறையாக அணைப்பது குற்றம். முறைகேடாக அணைப்பது வழக்கம். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

இந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. யுனிக்ஸ் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் விதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதைப் பிறப்பித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. 1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸை எழுதத் தொடங்கியபோது கணினி என்பது மேசைமேல் வைக்கிற பொருள் அல்ல. தனி அறையில் அலமாரி அலமாரியாக நிற்கும். அதிலிருந்து கம்பிகள் போய், பல அறைகளில் பல பேர் ஆளுக்கொரு முனையத்தில் உட்கார்ந்து அதே கணினியில் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பார்கள். அதில் ஒருவர் தன் வேலை முடிந்தது என்று கணினியை நிறுத்தினால் மற்ற அத்தனை பேரின் வேலையும் போச்சு. அதனால் நிறுத்தும் அதிகாரம் 'ரூட்' என்ற ஒரே ஒரு பெரிய பயனரிடம் இருந்தது. நியாயமான ஏற்பாடு. அந்த முனையத்தில் இருந்தவரால் கணினியின் மின்சாரத்தைத் துண்டிக்கவும் முடியாது என்பதைக் கவனியுங்கள். கணினி வேறு அறையில், அந்த அறைக்குப் பூட்டு.

நம்மூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால் அது பேச்சிப்பாறை அணை மாதிரி. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1906ல் கட்டி முடித்த அணை. நாஞ்சில் நாட்டு வயல்கள் அதை நம்பி இருக்கின்றன. அதன் மதகை யார் திறப்பது, யார் மூடுவது என்பதை ஒருவர் இஷ்டத்துக்கு விட முடியாது. என் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது போதும் என்று நான் போய் மதகை மூடினால் கடைமடைக்காரர் என்ன ஆவார்? அதற்கென்று பொறுப்பானவர்கள் வேண்டும், கணக்கு வேண்டும், சாவி வேண்டும்.

ஆனால் என் வீட்டு அடுக்களைக் குழாயை மூடவும் பொறியாளரிடம் மனு கொடுக்க வேண்டும் என்றால்?

மேசைக் கணினி அடுக்களைக் குழாய். அதன் முன்னால் ஒரே ஒரு ஆள்தான் உட்கார முடியும். பெட்டி அவர் காலடியில். மின்சுவிட்ச் அவர் கைக்கெட்டும் தூரத்தில். அணைக்கு எழுதிய சட்டத்தைக் குழாய்க்கும் அப்படியே ஒட்டி வைத்திருக்கிறார்கள். (அணை, அணைத்தல் என்று தமிழே சிலேடை போடுகிறது, நான் என்ன செய்ய!)

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. கணினியின் முன் உட்கார்ந்திருப்பவரிடம் அதை நிறுத்தும் வல்லமை ஏற்கெனவே இருக்கிறது. பெட்டியின் பவர் பொத்தானை நாலைந்து வினாடி அழுத்திப் பிடித்தால் எந்த இயங்குதளமாக இருந்தாலும் கணினி செத்துவிடும். ரூட் கடவுச்சொல் அதைத் தடுக்காது. சுவரில் இருக்கும் சுவிட்சுக்கு ரூட் யாரென்றே தெரியாது. ஆக, நீங்கள் தடை செய்வது அணைப்பதை அல்ல, ஒழுங்காக அணைப்பதை மட்டும்தான். நல்ல கதவைப் பூட்டிவிட்டு, உடைந்த சன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

'சுவிட்சை அணைத்தால் என்ன குடி முழுகிப் போகும்?' என்று கேட்பவர்களுக்கு: யுனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்கள் நீங்கள் எழுதுவதை உடனுக்குடன் வட்டில் எழுதுவதில்லை. வட்டு மெதுவானது, நினைவகம் வேகமானது. அதனால் நினைவகத்தில் சேர்த்து வைத்து, சற்றுப் பொறுத்து மொத்தமாக எழுதும். லினக்ஸில் சாதாரண அமைப்பில் இந்தத் தாமதம் 30 வினாடி அளவுக்கும் போகலாம். அதற்குள் மின்சாரத்தைப் பிடுங்கினால் வட்டுக்குப் போய்ச் சேராதது போனதுதான். முறையாக ஷட்டவுன் செய்யும்போது, ஓடும் நிரல்களுக்கெல்லாம் முடித்துக்கொள்ளச் சொல்லி, மிச்சத்தை வட்டில் எழுதி, கோப்பு முறைமையைக் கழற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் கணினி நிற்கும்.

பழைய எக்ஸ்ட்2 கோப்பு முறைமையில் இது பெரிய தலைவலி. அடுத்தமுறை கணினியைப் போட்டால் வட்டு முழுவதையும் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடும். 2001ன் கடைசியில் எக்ஸ்ட்3 லினக்ஸில் சேர்ந்தது. பிறகு எக்ஸ்ட்4 வந்தது. இவற்றில் குறிப்பேடு ஒன்று உண்டு, அதைப் பார்த்து வேகமாக மீண்டுவிடும். ஆனால் சாதாரண அமைப்பில் அந்தக் குறிப்பேடு காப்பாற்றுவது முதன்மையாகக் கோப்பு முறைமையின் கட்டமைப்பைத்தான், உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியை அல்ல. பெயர் இருக்கும், உள்ளே பூஜ்யம் பைட் என்று ஒரு கோப்பு கிடக்கும். ரெகார்டு நோட்டுக்காக எழுதிய நிரல் அப்படிக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள்.

இதில் உச்சக்கட்ட வேடிக்கை ஒன்று உண்டு. கோப்பு முறைமை கொஞ்சம் அதிகமாகவே சேதமாகிவிட்டால் கணினி பாதியில் நின்று, பராமரிப்புக்காக ரூட் கடவுச்சொல்லைக் கொடு என்று கேட்கும். கடவுச்சொல் இல்லாததால்தான் சுவிட்சைப் பிடுங்கினான். பிடுங்கியதால் கெட்டது. கெட்டதைச் சரிசெய்ய மறுபடியும் அதே கடவுச்சொல்!

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே இது வெறும் தத்துவப் பிரச்சினை இல்லை.

ஒன்று, கரண்டு. 2008ல் தொடங்கி சில வருடங்கள் தமிழ்நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2012ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் வரிசையாக நிற்கும் மாவட்டத்திலும் மெழுகுவர்த்திதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்துப் போட்டபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல இடங்களில் நாள்கணக்கில் இருட்டு. இப்போது நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் மழைக்காலத்தில் கரண்டு போவது நமக்குப் புதிதல்ல.

இரண்டு, இடி. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் இது. ஐப்பசி மாதம் மத்தியானத்துக்கு மேல் மேகம் கறுத்து இடி இடித்தால் வீட்டில் அம்மா முதலில் செய்வது டிவி பிளக்கைப் பிடுங்குவது. கணினிக்கும் அதுதான் விதி. அந்த நேரத்தில் சட்டென்று முறையாக அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். 'நிர்வாகி எங்கே?' என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

மூன்று, யுபிஎஸ். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். லேபில் 40 கணினி. கரண்டு போனால் பழைய பேட்டரி 15 நிமிடம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். லேப் அக்கா ஒவ்வொரு கணினியாகப் போய், குனிந்து, கடவுச்சொல்லைத் தட்டி, அடுத்ததுக்கு நகர அரை நிமிடம். 40 கணினிக்கு 20 நிமிடம். பேட்டரி 15லேயே போய்விடும். கடைசிப் பத்துக் கணினிகள் தினமும் அநாதையாகச் சாக வேண்டியதுதான். அதே நேரத்தில் 40 மாணவர்களும் ஆளுக்கொரு கணினியை அணைத்தால் இரண்டு நிமிட வேலை. ஓடி ஓடி அலுத்துப்போகிற அந்த அக்காவுக்கும் இந்த விதியால் ஒரு நன்மையும் இல்லை.

கடைசியில் என்ன நடக்கும்? அலுப்புத் தாங்காமல் கடவுச்சொல்லையே பையன்களிடம் சொல்லிவிடுவார்கள். போர்டில் எழுதிப் போட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். அணைக்கும் சின்ன அதிகாரத்தைக் கொடுக்க மறுத்து, அழிக்கும் பெரிய அதிகாரத்தை ஊருக்கே கொடுத்தாயிற்று. தேவையான அளவு அதிகாரத்தை மட்டும், தேவையானவருக்கு மட்டும் கொடு என்பது பாதுகாப்பின் பாலபாடம். சுடோ என்ற கருவி இதற்காகவே 1980 வாக்கில் எழுதப்பட்டது. அதில் ஒரு வரி சேர்த்தால் போதும், அணைக்கும் கட்டளையை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடலாம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுவோம்.

'வேறொருவர் தொலைவிலிருந்து அதே கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தால்?' நல்ல கேள்வி. அப்படியானால் அந்தக் கணினி மேசைக் கணினி அல்ல, சர்வர். அதைப் பூட்டிய அறையில் வையுங்கள். பத்தொன்பது வயதுப் பையனின் காலடியில் சர்வரை வைத்துவிட்டு ரூட் கடவுச்சொல்லை நம்பி இருக்காதீர்கள்.

'குறும்புக்காரப் பையன்கள் பக்கத்துக் கணினியை அணைத்து விளையாடுவார்கள்.' இப்போது பொத்தானை அழுத்தி விளையாடுவது உங்களுக்குச் சம்மதமா? இன்னொன்று: முறையாக அணைத்தால் பதிவேட்டில் நேரம் பதிவாகும். பிடுங்கினால் பிறகு 'லாஸ்ட்' கட்டளையில் 'கிராஷ்' என்று மட்டும் காட்டும். கண்காணிப்புதான் உங்கள் கவலை என்றால் முறையான வழியைத் திறந்துவிடுவதுதான் உங்களுக்கே லாபம்.

'அணைத்துப் போட்டால் பென் டிரைவிலிருந்து வேறு இயங்குதளத்தைக் கிளப்பி உள்ளே நுழைந்துவிடலாமே?' நுழையலாம். சுவிட்சைப் பிடுங்கிப் போட்டாலும் நுழையலாம். அதற்கு மருந்து பயாஸுக்கும் துவக்க நிரலுக்கும் கடவுச்சொல் போடுவது. தலைவலிக்குக் காலில் தைலம் தேய்க்காதீர்கள்.

'ஆன்லைன் தேர்வு நடக்கும்போது தெரியாமல் அழுத்திவிட்டால்?' இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். தேர்வு நாளில் மட்டும் தடுத்து வையுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. தேர்வு மூன்று மணி நேரம். விதி வருடம் முழுவதும் எதற்கு?

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. யுனிக்ஸ் உலகமே இதை எப்போதோ தீர்த்துவிட்டது. ஃப்ரீபிஎஸ்டியில் 'ஆபரேட்டர்' என்று ஒரு குழு உண்டு. அதில் சேர்த்துவிட்டால் ரூட் ஆகாமலே அணைக்கலாம். ரெட் ஹாட் லினக்ஸில் கணினியின் முன்னால் நேரில் உட்கார்ந்திருப்பவர் யார், தொலைவிலிருந்து நுழைந்தவர் யார் என்று பிரித்துப் பார்த்து, நேரில் இருப்பவருக்கு அனுமதி கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. சூசே லினக்ஸின் நிர்வாகக் கருவி 'வீட்டுக் கணினி', 'வலையமைப்புக் கணினி', 'சர்வர்' என்று பாதுகாப்பு அமைப்பையே தனித்தனியாக வைத்திருந்தது. யார் அணைக்கலாம் என்பதையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் சிஸ்டம்டி இருக்கிறது. அதன் சொந்த விதி இதுதான்: கணினியின் முன் உட்கார்ந்து உள்ளே நுழைந்திருப்பவர் கடவுச்சொல் இல்லாமல் அணைக்கலாம். வேறு யாராவதும் அதே கணினியில் நுழைந்திருந்தால் மட்டும் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். அணையையும் குழாயையும் எவ்வளவு அழகாகப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள்! முன்னால் உட்கார்ந்தவர் லாக் அவுட் செய்யாமல் 'பயனரை மாற்று' என்று விட்டுப் போனால் அடுத்தவர் மாட்டிக்கொள்வார் என்ற சிக்கல் ஒன்று இதில் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது: லேப் கணினிகளில் அந்த 'பயனரை மாற்று' வசதியை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

உபுண்டுவைப் புதிதாக நிறுவினால் அணைப்பதற்குக் கடவுச்சொல் கேட்பதில்லை. அப்படியானால் நம் லேப்களில் கேட்பது ஏன்? யாரோ மெனக்கெட்டு அந்த விதியைச் சேர்த்திருக்கிறார்கள். இது யுனிக்ஸின் குறை அல்ல, 'பையன்கள் கையில் எதையும் கொடுக்கக் கூடாது' என்ற நம் ஊர் மனோபாவத்தின் குறை.

இதில் இழப்பு ஒரு கோப்பு, ஒரு வட்டு என்றால் நானும் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். இழப்பு அதைவிடப் பெரியது.

தமிழ்நாட்டில் லினக்ஸுக்கு நல்ல காலம் ஒன்று வந்தது. 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனமே சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே 2007ல் சென்னை சி-டாக் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும் பாஸ் லினக்ஸ் வந்தது. அரசு ஆதரவு, காசில்லாத மென்பொருள், தமிழ் இடைமுகம், எல்லாம் இருந்தது. பிறகும் ஏன் பையன்கள் மடிக்கணினி கைக்கு வந்ததும் திருட்டு விண்டோஸைத் தேடி மொபைல் கடைக்குப் போனார்கள்?

காரணங்கள் பல. விளையாட்டுகள் ஓடவில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவற்றுள் ஒன்று இது என்பேன்: லேபில் அவன் பார்த்த லினக்ஸ், எதைத் தொட்டாலும் கடவுச்சொல் கேட்கும் கோபக்கார வாத்தியார். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட சாதாரணக் கணினியில் சாதாரணப் பயனரும் ஷட்டவுன் செய்யலாம். காசு வாங்கி விற்கிற மூடிய மென்பொருள் அவனை நம்பியது. 'சுதந்திரம்' என்று பெயர் வைத்துக்கொண்ட மென்பொருள் அவனை நம்பவில்லை. அவன் வேறு என்ன முடிவுக்கு வருவான்?

களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே ஐடி@ஸ்கூல் திட்டம் 2001ல் தொடங்கி, பள்ளிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2017லிருந்து அது கைட் நிறுவனம். உபுண்டுவை வைத்துத் தங்களுக்கென்று ஒரு லினக்ஸே செய்து வைத்திருக்கிறார்கள். 'லிட்டில் கைட்ஸ்' என்று பள்ளிப் பிள்ளைகளின் குழுக்களும் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை நாமும் அந்தப் பக்கம்தான். அங்கே பிள்ளைகளைக் கணினியோடு பழகவிட வேண்டும் என்று நினைத்தார்கள். இங்கே கணினியைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறோம். வித்தியாசம் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுவது லினக்ஸ் கருதான். தாத்தா, பாட்டி எல்லோரும் அணைத்துப் போடுகிறார்கள். சில போன்களில் அணைக்க ரகசிய எண் கேட்கும்படி வைக்கலாம் என்பது உண்மை. அது திருடன் போனை அணைத்து ஒளித்துவிடக் கூடாது என்பதற்காக. லேப் கணினியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யாரும் வடசேரி பஸ் ஏறப் போவதில்லை!

லேப் நிர்வாகிகளுக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் மிகச் சின்னவை:

1. முன்னால் உட்கார்ந்திருப்பவர் கடவுச்சொல் இல்லாமல் அணைக்கட்டும். நீங்கள் சேர்த்த அந்த ஒரு விதியை எடுத்தால் போதும்.

2. தொலைவிலிருந்து நுழைபவருக்கு அந்த அனுமதி வேண்டாம். அங்கே பழைய விதியே சரி.

3. பவர் பொத்தானை ஒருமுறை லேசாக அழுத்தினால் முறையாக அணையும்படி வையுங்கள். இடி இடிக்கும்போது மெனு தேட முடியாது.

4. சர்வரை லேபிலிருந்து எடுத்துப் பூட்டிய அறையில் வையுங்கள்.

5. முதல் வகுப்பில் கணினியைப் போடச் சொல்லிக் கொடுக்கும்போதே அணைக்கவும் சொல்லிக் கொடுங்கள். ஏன் முறையாக அணைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

ஐந்தாவதுதான் முக்கியம். அதிகாரத்தைக் கொடுத்தால்தான் பொறுப்பைக் கேட்க முடியும். 'நீதானே அணைத்தாய், ஏன் ஒழுங்காக அணைக்கவில்லை?' என்று ஒரு மாணவனைக் கேட்க வேண்டுமானால் ஒழுங்காக அணைக்கும் வழி அவனிடம் இருந்திருக்க வேண்டும். இப்போது அவனிடம் இருப்பது சுவரிலுள்ள சுவிட்ச் மட்டும்தான்.

பேச்சிப்பாறையின் சாவியை யாரும் கேட்கவில்லை ஐயா. அடுக்களைக் குழாயை மூடிவிட்டுப் போகிறோம், அவ்வளவுதான்.